“என்னிடம் எழுத ஒன்றுமே இல்லை, மேடம்”

தில்லியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருவரின் கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். நீளமான கடிதம். அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

தாத்தா காலத்தில் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்த குடும்பம். ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-ம் தேதி கேம்ப் இடிக்கப்பட்ட பிறகு தில்லியின் வட கோடியில் இருக்கும் நரேலாவில் ஒதுக்கிய வீட்டுக்கு மாறியிருக்கிறார்கள். அம்மா இன்னமும் ஜங்புராவில்தான் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மகளும் பழைய தமிழ்ப் பள்ளியை விடவில்லை. அம்மாவும் மகளும் விடியும் முன்பே ஒன்றாகப் பஸ் ஏறுகிறார்கள். ஒரு வழிக்கு 40 கிலோமீட்டர் போல.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரு வாரம், அம்மாவுக்குப் பதிலாக ஒரு வீட்டுக்கு இவர் போயிருக்கிறார். அந்த வீட்டில் இவர் வயதுப் பெண் ஒருத்தி. அமெரிக்கக் கல்லூரிகளுக்கும், அசோகா பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கிறாள். அதற்கென்றே ஓர் ஆலோசகர் வருகிறார். மேசையைத் துடைக்கும்போது அந்தப் பெண்ணின் ‘ப்ரொஃபைல்’ என்ற தாள் கண்ணில் பட்டிருக்கிறது. டிபேட், மாடல் யுஎன் என்ற ஐ.நா. சபை மாதிரி விவாதம், பியானோ தேர்வு, என்ஜிஓ இன்டர்ன்ஷிப், ஒரு பேராசிரியரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை என்று பக்கம் நிறைய. அன்று இரவு நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ‘அவளிடம்’, மறு பக்கம் ‘என்னிடம்’ என்று எழுதினாராம். வலது பக்கம் காலியாகவே கிடந்தது என்கிறார்.

வரலாறு படிக்க ஆசை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் லேடி ஸ்ரீராம், மிராண்டா ஹவுஸ் கல்லூரிகள், அசோகா, பெங்களூரின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் என்று ஆசிரியை ஒருவர் பெயர்கள் சொல்லியிருக்கிறார். ஆனால் விண்ணப்பத்தைத் திறந்தாலே கை நடுங்குகிறது. “என்னிடம் எழுத ஒன்றுமே இல்லை, மேடம். எனக்கு இம்பாஸ்டர் சிண்ட்ரோமா? 3,000 ரூபாய் கொடுத்தால் தன்னார்வச் சேவைச் சான்றிதழ் கிடைக்கும் என்கிறாள் தோழி, வாங்கட்டுமா? அம்மா செய்யும் வேலையை மறைத்துவிடலாமா? எஸ்.சி. கோட்டாவில் போனால் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்களா? பேசாமல் ஒரு வருடம் விட்டுவிடட்டுமா?” இவை கேள்விகள். நடுவில், அடைப்புக்குறிக்குள் போட்டது மாதிரி ஒரு வரி: “சில ராத்திரி, காலையில் எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது.”

அன்பு மகளே,

முதலில் அந்த ஒரு வரி

மற்றதெல்லாம் அப்புறம். நேராகவே கேட்கிறேன்: செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா? அதற்கு வழி யோசித்ததுண்டா? ஆம் என்றால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதே. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய். டெலி மானஸ் என்ற அரசாங்கச் சேவை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பதினெட்டு வயது ஆகாத உனக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் உண்டு. பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரிடமும் அன்றைக்கே சொல்லிவிடு. அப்படி எந்த எண்ணமும் இல்லை, வெறும் களைப்புதான் என்றால்கூட இதை லேசாக விடாதே. வீடு இடிபட்டு ஒரு வருடப் படிப்புக்காலம் முடிவதற்குள் பொதுத்தேர்வு எழுதப்போகிறவள் நீ. தூக்கம் போய், பசி போய், பிடித்த பாடம்கூடப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். தில்ஷாத் கார்டனில் இருக்கும் இஹ்பாஸ் (IHBAS) அரசு மனநல மருத்துவமனை. அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நீ கேட்ட இம்பாஸ்டர் சிண்ட்ரோமுக்கு வருகிறேன். 1978-ல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். பட்டமும் பதவியும் கையில் இருந்தும், ‘எல்லாரையும் ஏமாற்றித்தான் இங்கே வந்திருக்கிறேன், ஒருநாள் குட்டு உடைந்துவிடும்’ என்று பயந்த பெண்களை அவர்கள் பார்த்தார்கள். அது ஒரு நோயின் பெயர் கிடையாது. அதைவிட முக்கியம், உன் நிலைமைக்கு அது பொருந்தவும் இல்லை. உனக்கு இல்லை என்று நீ சொல்லும் பல விஷயங்கள் உண்மையிலேயே உனக்கு இல்லை. ‘எல்லாம் உன் மனப்பிரமை, நம்பிக்கையோடு இரு’ என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் அந்த இடது பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். பியானோவுக்கு பியானோ வேண்டும், ஆசிரியர் வேண்டும், தேர்வுக் கட்டணம் வேண்டும். மாடல் யுஎன்னுக்குப் பதிவுக் கட்டணம், ஊர் விட்டு ஊர் போகும் செலவு. இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளமில்லாத ஒரு கோடை விடுமுறையும், அறிமுகப்படுத்திவைக்கத் தெரிந்தவர் ஒருவரும். அந்தப் பெண் உழைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவளும் ராத்திரி கண் விழித்திருப்பாள், அவளுக்கும் பயம் இருக்கும். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு செலவு இருக்கிறது. அந்தச் செலவு உன் வீட்டில் முடியாது. நீ ‘எனக்குத் திறமை இல்லை’ என்று படித்தது உண்மையில் ‘எங்களிடம் பணம் இல்லை’ என்ற கணக்கு. இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டாய். இதுதான் உன் கடிதம் முழுக்க எனக்குத் தெரிந்த ஒரே பிசகு.

உன் பக்கம் காலியா?

கடிதத்தின் கடைசியில், ‘ப்ராஜெக்ட் ரெக்கார்டு லேட்டாகிவிட்டது, திட்டு வாங்கினேன்’ என்று சொல்லி அதற்குக் காரணமும் எழுதியிருக்கிறாய். கேம்ப்பில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு அக்கம்பக்கத்து அக்காமார் எல்லாம் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தார்கள். இந்தியும் ஆங்கிலமுமான நோட்டீஸைத் தமிழில் சொன்னாய். 2015 ஜனவரி 1-க்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டினால்தான் மாற்று வீடு என்பது தில்லியின் கொள்கை. யாரிடம் எந்த வருடத்து ரேஷன் கார்டு இருக்கிறது, யார் பெயர் வாக்காளர் பட்டியலில் எப்படித் தப்பாக ஏறியிருக்கிறது, எது குறைகிறது என்று வீட்டு எண் வாரியாக ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைத்தாய். ஒரு பாட்டியிடம் புகைப்படம் பாதி உரிந்த பேங்க் பாஸ்புக் மட்டும்தான் இருந்தது, அதை வைத்து என்ன செய்யலாம் என்று இரண்டு நாள் யோசித்தாய்.

இதை நீ ரெக்கார்டு தாமதமானதற்குச் சாக்காகச் சொல்லியிருக்கிறாய்! வரலாறு படிக்கப்போகும் பெண்ணே, எந்தக் காகிதம் எதை நிரூபிக்கும், இரண்டு காகிதம் ஒன்றோடொன்று முரண்பட்டால் எதை நம்புவது, காகிதமே இல்லாதவர்கள் இருந்ததை எப்படிக் காட்டுவது என்பதுதானே வரலாற்றுப் படிப்பின் அடிப்படை வேலை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், வீடு போகப்போகிற பதற்றத்தில், அதைச் செய்திருக்கிறாய்.

இன்னொன்றும் தெரிந்துகொள். அந்தப் பெண் அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பெரும்பாலும் நிரப்பப்போவது காமன் ஆப் என்ற பொது விண்ணப்பம். அதில் செயல்பாடுகளுக்குப் பத்து இடம் உண்டு. எந்த வகை என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் விளையாட்டு, இசையோடு ‘குடும்பப் பொறுப்புகள்’ என்றும் ‘சம்பள வேலை’ என்றும் இருக்கின்றன. அம்மாவுக்குப் பதில் வேலைக்குப் போவதும், தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அந்த வகைகளில்தான் வரும். நீ அந்த விண்ணப்பத்தைப் போடாமல் போகலாம். ஆனால் உலகத்தின் மிகக் கெடுபிடியான கல்லூரிகளே இதைக் கேட்டு வாங்கிப் படிக்கின்றன.

கட்டுரை எழுதும்போது

அசோகாவுக்குக் கட்டுரை, திறனறித் தேர்வு, நேர்காணல் மூன்றும் உண்டு. அசிம் பிரேம்ஜியில் நுழைவுத் தேர்வும் நேர்காணலும். கட்டுரையை ‘நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்து பல தடைகளைத் தாண்டி’ என்று ஆரம்பிக்காதே. அப்படி ஆரம்பித்தால் படிப்பவருக்கு உன் முகம் தெரியாது. பாட்டியின் பாஸ்புக்கில் ஆரம்பி. அந்தப் பாஸ்புக்கில் எந்த வருடத்துப் பதிவு முதலில் இருந்தது, அது போதும் என்று ஏன் நினைத்தாய், அதிகாரி என்ன சொன்னார், உனக்கு அதில் எது நியாயமாகப் படவில்லை என்று எழுது. தமிழில் யோசித்து, தமிழிலேயே ஒரு முறை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் ஆங்கிலத்தில் எழுது. இலக்கணத்தை ஆசிரியை பார்த்துத் தரட்டும். வாக்கியங்கள் உன்னுடையதாகவே இருக்கட்டும். நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்பார்கள்.

உன் கஷ்டத்தை விற்றுத்தான் சீட் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. புல்டோசர் வந்த நாளைப் பற்றி எழுத மனம் வரவில்லையா, விட்டுவிடு. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்பது உன் இஷ்டம். அம்மாவின் வேலையும் அப்படித்தான், கட்டுரையில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. ஆனால் பெற்றோர் தொழில், வருமானம் என்று விண்ணப்பத்தில் கேட்கும் இடத்தில் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். கட்டணச் சலுகை அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். உதவித்தொகை கேட்டால் சீட் தர மாட்டார்கள் என்று பயந்து நிறையப் பிள்ளைகள் அந்தப் பகுதியையே விட்டுவிடுகிறார்கள். குடும்ப நிலையைப் பார்த்து உதவி தரும் ஏற்பாடு அசோகா, அசிம் பிரேம்ஜி இரண்டிலும் இருக்கிறது. தயங்காமல் நிரப்பு.

அந்த 3,000 ரூபாய்ச் சான்றிதழ் வேண்டாம். ‘அந்த அமைப்பில் என்ன செய்தாய்?’ என்ற முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தவறான தகவல் தந்தது தெரியவந்தால் சேர்ந்த பிறகும், மூன்றாம் வருடத்தில்கூட, சேர்க்கையை ரத்து செய்யப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு. உண்மையான வேலை செய்த நீ பொய்யான காகிதத்தை ஏன் வாங்க வேண்டும்? கேம்ப்பில் நீ செய்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களே. அதில் ஒருவரையும் உன் வரலாற்று ஆசிரியையையும் கேட்டு ஆளுக்கொரு கடிதம் வாங்கிக்கொள்.

தில்லிப் பல்கலைக்கழகம்: நீ தப்பாகக் கேள்விப்பட்டவை

‘98 சதவீதம் இல்லாமல் நல்ல கல்லூரி கிடையாது’ என்று அந்த வீட்டு மேடம் சொன்னாராம். சில வருடம் முன்புவரை அது ஓரளவு உண்மை. 2021-ல் சில படிப்புகளுக்கு நூற்றுக்கு நூறே கட்-ஆஃபாக இருந்தது. 2022 முதல் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்தான் கணக்கு. பொதுத்தேர்வில் பாஸாக வேண்டும், இருவர் சமமாக வந்தால் அந்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அவ்வளவே. பத்தாம் வகுப்பில் 87 வாங்கியதை நினைத்து நீ அழ வேண்டிய அவசியமே இல்லை.

கோச்சிங் இல்லாமல் முடியாது என்பதும் அப்படியே. க்யூட் பாடத் தேர்வுகள் பன்னிரண்டாம் வகுப்பு என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல் அமைப்பு) பாடத்தை ஒட்டியவை. 2025-ல் ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம், சரியான பதிலுக்கு 5 மதிப்பெண், தப்புக்கு 1 குறையும், ஐந்து பாடம்வரை எழுதலாம் என்று இருந்தது. நீ எழுதும் ஆண்டின் அறிவிப்பையும் ஒரு தடவை படித்துவிடு. பஸ்ஸில் போகவர ஆகும் நேரத்தில் என்சிஇஆர்டி வரலாற்றுப் புத்தகத்தின் மூன்று பாகத்தையும் வரி வரியாகப் படி. எனக்குத் தெரிந்து, சுருக்கப் புத்தகம் வாங்கிப் படித்தவர்கள் தடுமாறுவது மூலப் புத்தகத்தின் சின்ன வாக்கியங்களில்தான்.

ஆங்கிலம் வராது என்று பயப்படுகிறாய். வரலாறு ஹானர்ஸுக்கு ஒரு மொழித்தாளும் மூன்று பாடங்களும் போதும், அந்த மொழி தமிழாகவும் இருக்கலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எழுதி மூன்று பாடங்களையும் சேர்த்தால் ஐந்து ஆகிவிடும். இது உள்ளே போகும் வழி. உள்ளே போனபின் வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதற்கு இப்போதிருந்தே தினம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகு. முதல் செமஸ்டர் சிரமமாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன்.

விருப்பப் பட்டியலில் நாலைந்து பெரிய பெயர்களை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதே. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், உன் விருப்ப வரிசைப்படி போடு. எந்தக் கல்லூரியில் படித்தாலும் பாடத்திட்டமும் பட்டமும் தில்லிப் பல்கலைக்கழகத்துடையதே. வீட்டிலிருந்து போகும் தூரத்தையும் யோசி. கேம்ப்பில் இருந்தபோது லேடி ஸ்ரீராம் பக்கம். நரேலாவிலிருந்து இப்போது மிராண்டா ஹவுஸ் இருக்கும் நார்த் கேம்பஸ்தான் கிட்டே. விடுதி கிடைக்காவிட்டால் மூன்று நான்கு வருடம் தினமும் தில்லியைக் குறுக்காகக் கடக்க உடம்பு தாங்குமா என்று பார். அசோகா இருக்கும் சோனிபட் நரேலாவுக்கு அடுத்த ஊர் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

‘பெரிய கல்லூரி எல்லாம் பெயருக்குத்தான்’ என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதியுள்ள மாணவர்களில் பெரும்பாலோருக்கு, பெரிய கல்லூரியில் படித்ததால் பிற்கால வருமானம் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஆனால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நன்றாகவே கூடியது. அது அமெரிக்கக் கணக்கு, அப்படியே இங்கே பொருந்தாது. இருந்தாலும் நான் பார்த்தவரையில் இங்கேயும் அதே திசைதான். அந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்தக் கல்லூரி கிடைத்தாலும் அவள் வீட்டு அறிமுகங்கள் கூடவே வரும். உனக்கு அந்த அறிமுகங்களைக் கல்லூரிதான் தர வேண்டும். ஆகவே, நீ விண்ணப்பிக்காமல் விட்டால் அவளைவிட உனக்குத்தான் நஷ்டம் அதிகம். போட்டுப் பார்.

கோட்டா என்று சொல்லிக் காட்டினால்

சொல்லிக் காட்டுவார்கள். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மத்தியக் கல்வி நிறுவனங்களில் எஸ்.சி. மாணவர்களுக்கு 15 சதவீத இடம் 2006-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. அது யாருடைய தயவும் இல்லை, நீ வெட்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் யாரும் உன்னை மெச்சப்போவதும் இல்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆலோசகர் வைத்துக்கொள்ள முடிவதை யாரும் கோட்டா என்று சொல்வதில்லை, கவனித்தாயா? உள்ளே போனபின் யாராவது சாதியை வைத்துப் பேசினால் அதைத் தாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ம் ஆண்டு விதிகள்படி, சமவாய்ப்புப் பிரிவும் இருந்தாக வேண்டும்.

இதில் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சான்றிதழ் உன் பெயரில் இருக்க வேண்டும், அப்பா பெயரில் இருப்பது போதாது. அப்பாவின் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் அசலைத் தேடி எடு. வீடு மாறியதில் எந்தப் பெட்டியில் போனதோ, இன்றைக்கே பார். அதைக் காட்டி தில்லியிலேயே உனக்கு வாங்க வழி இருக்கிறது, எஸ்டிஎம் (கோட்டாட்சியர்) அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்க நாளாகும், சேர்க்கை நேரத்தில் ஓடினால் நடக்காது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு வருமானச் சான்றிதழும் தேவை.

ஒரு வருடம் விடுவது பற்றி இப்போது முடிவெடுக்காதே. க்யூட்டுக்கு வயது வரம்பு இல்லை, அடுத்த ஆண்டும் எழுதலாம், வழி மூடிவிடாது. ஆனால் பயத்தில் விடும் வருடம் வேறு, திட்டமிட்டு எடுக்கும் வருடம் வேறு. இந்த முறை எழுது. நினைத்தது கிடைக்காவிட்டால், தில்லியில் குடியிருக்கும் பெண்களுக்கென்றே தில்லிப் பல்கலைக்கழகம் நடத்தும் நான்-காலேஜியேட் வாரியம் இருக்கிறது, வார இறுதியில் வகுப்பு. திறந்தநிலைக் கல்வியும் உண்டு. அதில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, செலவுக்குப் பயந்து வேண்டாம் என்பார் என்று எழுதியிருக்கிறாய். வருமானச் சான்றிதழுக்கு எப்படியும் அம்மா அப்பாவின் ஆதாரும் கையெழுத்தும் வேண்டும், எதற்கு என்று கேட்கத்தான் செய்வார்கள். அதற்கு முன்பே, காலைப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் ஒருநாள், நீயாகச் சொல்லிவிடு. எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம், எவ்வளவு உதவி கிடைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போ. தூக்கம் வராததையும் அப்போதே சொல். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.